கறுப்புக் கரை

எங்கள் ஊரில் சாவைச் சுவரில் ஒட்டுவார்கள்.
பேருந்து நிறுத்தம், ரொட்டிக்கடைக் கதவு,
தபால் நிலையத்து லிண்டன் மரம்.
ஒரு தாள், ஒரு படம், மூன்று பெயர்,
சுற்றிலும் விரல் கனத்தில் கரை.
கிறிஸ்தவருக்குக் கறுப்பு, எங்களுக்குப் பச்சை.
பச்சைக்கு அனுமதி வந்து இருபது வருஷம்தான்.
எங்கள் அச்சகத்தில் இரண்டும் ஒரே விலை.

செவ்வாய்க்கிழமை இஸ்க்ரா வந்தாள்.
மழைக்கோட்டைக் கழற்றவில்லை.
"அப்பாவுக்கு. இருநூறு தாள்."
படத்தை மேசைமேல் வைத்தாள்.
கண்ணாடி போடாமலே தெரிந்தது.

ரஷ்கோ வெல்செவ் தொன்கோவ்.
மாவட்டச் செயலாளர்,
கொடி மாறியதும் நாடாளுமன்ற உறுப்பினர்,
அப்புறம் ஊரின் கௌரவக் குடிமகன்.

செத்த மாடு குடம்குடமாய்க் கறக்கும்.
அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்:
நேர்மையாளர், ஏழைகளின் துணை, மலர்களை நேசித்தவர்.
"இன்னும் நல்லதாய் ஏதாவது
நீங்களே சேர்த்துவிடுங்கள்" என்றாள்.

உள்ளே உருளை கழுவிக்கொண்டிருந்த பென்சோ
என் முகத்தைப் பார்த்தான்.
"போனவரைப் பற்றி நல்லது சொல்.
இல்லையா, சும்மா இரு."

சும்மாதான் இருந்தேன்.
சும்மா இருக்க எனக்குக் கற்பித்ததே அவர்தான்.

எண்பத்தைந்து, ஜனவரி. முழங்கால்வரை பனி.
நகரமன்றக் கூடத்தில் மூன்று வரிசை.
செருப்புக்கடையில் அளவு கேட்பதுபோல்
ஒரு பட்டியலை நீட்டிக் கேட்டார்கள்:
"இதில் எது வேண்டும்?"
செபிலேயாய்ப் போனவள் ஸ்வெத்லாவாய் வந்தேன்.
அம்மா மூன்று நாள் என்னை
"ஏய்" என்று மட்டும் கூப்பிட்டாள்.

அப்பா அதற்கு நான்கு வருஷம் முந்தியே செத்திருந்தார்.
அவராவது தப்பித்தார் என்று நினைத்தோம்.
பதிவேட்டைத் திறந்து
ஹைருல்லாவை அடித்தார்கள்,
பக்கத்தில் ஹரலாம்பி என்று எழுதினார்கள்.
பனி உருகியதும் கல்லறைக்கு உளியோடு போனார்கள்.
உத்தரவின் அடியில் ர. வெ. தொன்கோவ்,
அழகான கையெழுத்து.

போனவரைப் பற்றி நல்லது சொல் என்கிறாயே பென்சோ,
போனவரை அவர் சும்மா விட்டாரா?

இத்தோடு நிறுத்தினால் எனக்குச் சௌகரியம்.
மறு வருஷம் ஏழாம் மாதத்திலேயே பிறந்தான் என் மகன்,
ஒரு ரொட்டி அளவுகூட இல்லை.
மகப்பேறு விடுதியும் அந்தக் கண்ணாடிப் பெட்டியும்
தலைநகரோடு மல்லுக்கட்டி
தொன்கோவ் கொண்டுவந்தவை.
பெட்டிக்குள் மூச்சு விட்டான்,
மணிக்கட்டில் யாரோ ஒருவனின் பெயரைக் கட்டிக்கொண்டு.
இப்போது பூர்சாவில் லாரி ஓட்டுகிறான்.
இதைக் கூட்டவும் தெரியவில்லை எனக்கு,
கழிக்கவும் தெரியவில்லை.

இரவு, பென்சோ போனபின்,
திரையில் அந்தப் பெயரைப் பெரிதாக்கினேன்.
கடைசி எழுத்தை அழித்தேன். தட்டினேன்.
ரஷீத் வெல்செவ் தொன்கோவ்.
எவ்வளவு சுலபம்!
நாற்காலி கூடப் பழக்கப்பட்டதுபோல் இருந்தது.
பட்டியலை நீட்டுகிற பக்கம்
எப்படி இருக்கும் என்று அப்போது தெரிந்தது.
மறுபடி ரஷ்கோ ஆக்கினேன்.
எழுத்தெண்ணிச் சரிபார்த்தேன்.

மலர்களுக்குக் கீழே இரண்டு வரி சேர்த்தேன்:
மகப்பேறு விடுதி கட்டினார்.
எங்கள் பெயர்களை எடுத்துக்கொண்டார்.

காலையில் இஸ்க்ரா படித்தாள்.
திரும்பப் படித்தாள்.
பேனா வாங்கி இரண்டாவது வரியை அடித்தாள்.
கொஞ்சம் நின்றாள்.
முதல் வரியையும் அடித்தாள்.
பிறகு நேர்மையை, ஏழைகளை, மலர்களை.
"பெயர் மட்டும் போதும்."
பணத்தை எண்ணி வைத்தாள்.
ஒட்டுவதற்கு ஆள் இல்லை என்றாள்,
என்னைப் பார்க்காமல்.

வாளியோடு நானே போனேன்.
இருநூறும் நேராக, குமிழ் விழாமல்.
லிண்டன் மரத்தடியில்
பைக்குள்ளிருந்து இன்னொரு தாளை எடுத்தேன்.
பச்சைக் கரை. படம் இல்லை.
ஹைருல்லா என்று மட்டும்,
முப்பது வருஷம் பிந்தி.
அவர் பக்கத்திலேயே, அதே உயரத்தில்.

பசை கொஞ்சம் மீதி இருந்தது.